பிளவுஸ் பிட் வெட்டி எடுக்கப்பட்டு ரிட்டர்ன் வந்த ஆரணிப் பட்டு, இனி என்ன செய்யலாம்?

காட்பாடி_பட்டு:
எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் வீட்டிலிருந்தே ஆரணிப் பட்டுச் சேலைகளை ஆன்லைனில் விற்கிறேன், இரண்டு வருடம் ஆகப்போகிறது. தறிக்காரர் வீட்டுக்கே போய் எடுத்து வருவதால் எந்தச் சேலை எந்தத் தறியில் இறங்கியது என்பது வரை எனக்குத் தெரியும். போன வாரம் 6,800 ரூபாய்க்கு விற்ற ஒரு மாம்பழ மஞ்சள் சேலை, "நிறம் படத்தில் இருப்பதுபோல் இல்லை" என்ற காரணத்தோடு திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் முந்தானையில் குஞ்சம் முடிந்திருக்கிறது, கீழ்க்கரையில் ஃபால்ஸ் தைத்திருக்கிறது, பிளவுஸ் பிட்டைக் காணோம், தோள் மடிப்பில் சந்தனக் கறை. கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

விற்பனைத் தளத்தில் கிளெய்ம் போட்டேன். "பொருள் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது" என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள். பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை, அது என் தப்புதான், பிரித்த பிறகு எடுத்த போட்டோக்கள் மட்டும் இருக்கின்றன. தறிக்காரருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, ஒரு சேலைக்கு எனக்கு நிற்பது 700 ரூபாய்கூட இல்லை, அதனால் இந்த ஒன்றை ஈடுகட்டவே பத்துச் சேலை விற்க வேண்டும். மறுபடி கிளெய்ம் போட முடியுமா? சேலையை என்ன செய்வது? ஜிஎஸ்டியில் எப்படிக் காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர்_ஷூக்காரன்:
அக்கா, நான் ஆம்பூரில் லெதர் ஷூ விற்கிறேன். புது ஷூவை வைத்துக்கொண்டு தேய்ந்துபோன பழைய ஜோடியை அதே டப்பாவில் போட்டு அனுப்பியதும் நடந்திருக்கிறது, ஒற்றைக் கால் மட்டும் வந்ததும் நடந்திருக்கிறது. உங்கள் வலி புரிகிறது.

புதிதாகப் புகார் டிக்கெட் போடாதீர்கள், பழையதையே மேல்முறையீடாகத் திறக்கப் பாருங்கள், கெடு முடிவதற்குள். எத்தனை நாள் என்பது தளத்துக்குத் தளம் மாறும், விற்பனையாளர் பேனலில் ரிட்டர்ன் விதி என்ற பக்கத்தில் இருக்கும், இன்றைக்கே பாருங்கள். எழுதும்போது "ஏமாற்றிவிட்டார்கள்", "திருடிவிட்டார்கள்" என்று ஒரு வார்த்தையும் வேண்டாம், படிக்கிறவருக்கு உங்கள் கோபம் மட்டும்தான் தெரியும். அளவைச் சொல்லுங்கள். விளம்பரத்தில் பிளவுஸோடு 6.2 மீட்டர் என்று போட்டிருப்பீர்கள், திரும்பி வந்தது எத்தனை மீட்டர் என்று டேப் வைத்து அளந்து அந்தப் போட்டோவை இணையுங்கள். அப்புறம் இதுதான் முக்கியம்: அவர்கள் தேர்ந்தெடுத்த காரணம் நிறம். நிறம் பிடிக்காத சேலைக்கு யாராவது ஃபால்ஸ் தைத்துக் குஞ்சம் கட்டுவார்களா? இந்த முரண்பாட்டை முதல் வரியிலேயே வையுங்கள்.

இனிமேல் எந்த ரிட்டர்னையும் வீடியோ இல்லாமல் பிரிக்காதீர்கள். பார்சல் மேல் உள்ள ஏடபிள்யூபி எண்ணில் (கூரியர் பார்சல் எண்) ஆரம்பித்து, ஆறு பக்கமும் காட்டி, டேப்பை வெட்டி, பொருளை வெளியே எடுத்து விரிக்கும் வரை இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் கட் ஆனாலும் அதையே காரணமாகச் சொல்வார்கள்.

குடியாத்தம்_லுங்கி:
எடையையும் ஆதாரமாகக் காட்டலாமே? ரிட்டர்ன் லேபிளில் எடை போட்டிருக்கும்.

ஆம்பூர்_ஷூக்காரன்:
அண்ணா, ஷூ மாதிரி கனமான பொருளுக்குச் சரிவரும். பிளவுஸ் பிட் 50, 60 கிராம்தான் இருக்கும், கூரியரில் பெரும்பாலும் அரைக் கிலோ கணக்கில் ஏற்றிப் போட்டுவிடுவார்கள், அதில் இந்த வித்தியாசம் தெரியாது. டேப் அளவுதான் நிற்கும்.

வாலாஜா_கணக்கு:
ஜிஎஸ்டி பற்றி மட்டும் சொல்கிறேன். ரிட்டர்ன் ஏற்று முழுப் பணமும் திரும்பப் போயிருந்தால், சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டம் பிரிவு 34-இன்படி கிரெடிட் நோட், அதாவது விற்ற பில்லைக் குறைக்கும் சீட்டு, போட்டு அந்த வரியைக் குறைத்துக்கொள்ளலாம். விற்ற நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்திர ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யும் நாளுக்குள், இரண்டில் எது முந்தியோ அதற்குள் காட்டிவிட வேண்டும். உங்கள் விற்பனைப் பணத்தில் தளம் பிடித்து அரசுக்குக் கட்டும் வரியான டிசிஎஸ் 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம், அதுவும் ரிட்டர்ன் கழித்த நிகர விற்பனை மேல்தான், அதனால் இந்தச் சேலை அந்தக் கணக்கில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள், பலர் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று. வெறுத்துப்போய்ச் சேலையை யாருக்காவது சும்மா கொடுத்துவிடாதீர்கள், "வீண்" என்று கணக்கிலிருந்து எழுதித் தள்ளியும் விடாதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் கணக்கிலிருந்து எழுதித் தள்ளினாலும் பிரிவு 17(5)(h)-இன்படி அதன்மேல் எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட வரி) திருப்ப வேண்டிவரும். குறைந்த விலைக்கு விற்றால் அந்தச் சிக்கல் இல்லை, விற்ற விலைக்கு வரி கட்டினால் போதும்.

லாங்பஜார்_அம்மா:
பாப்பா, வேலூரில் இருபத்தைந்து வருடமாகச் சேலைக் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைனில் போடுவது என் மருமகள். முதலில் வந்திருப்பது உன் சேலைதானா என்று பார். சுத்தப் பட்டுக்கான சில்க் மார்க் லேபிளைக் கழற்றி வேறு சேலையில் மாட்டி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். முந்தானை நுனியில் நீளவாக்கில் ஒரு பாவு நூல், குறுக்கில் ஒரு ஊடை நூல் எடுத்துக் கொளுத்து. பட்டு என்றால் முடி கருகுகிற வாசனை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கட்டியாகிவிடும்.

உன் சேலைதான் என்றால் ஃபால்ஸைப் பிரித்துவிட்டு, சந்தனக் கறையை நீயே தேய்க்காமல் டிரை கிளீனிங்குக்குக் கொடு, தண்ணீர் பட்டால் வட்டமாக நிற்கும். அப்புறம் ரோல் பாலிஷ் போட்டு, "பிளவுஸ் இல்லை, ஒரு முறை கட்டியது" என்று வெளிப்படையாகச் சொல்லி நேரில் விற்றுவிடு. கான்ட்ராஸ்ட் பிளவுஸ் போடுகிறவர்களுக்குப் பிட் இல்லாதது குறையே இல்லை, நான் அப்படி எத்தனையோ விற்றிருக்கிறேன்.

இனி அனுப்பும்போது முந்தானை நுனியையும் பிளவுஸ் முனையையும் சேர்த்து ஒரே நூலில் முடிந்து டேக் மாட்டு. அந்த நூலை அறுக்காமல் கட்டவும் முடியாது, வெட்டவும் முடியாது. நூல் அறுந்தால் ரிட்டர்ன் கிடையாது என்று டேக்கிலும் விளம்பரத்திலும் எழுது, தளத்தின் விதி அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஆனால் உண்மையிலேயே நிறம் மாறிப் போயிருந்தால் நூல் அறுந்ததைக் காட்டித் தப்பிக்கக் கூடாது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளிலேயே விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. மாம்பழ மஞ்சள் டியூப் லைட்டில் எலுமிச்சையாகத் தெரியும். வெயிலில் ஒரு படம், வீட்டு வெளிச்சத்தில் ஒரு படம், இரண்டையும் போடு.

காட்பாடி_பட்டு:
ரொம்ப நன்றி அம்மா, தம்பி, சார். அப்பா ஒரு முனையைப் பிடிக்க இன்றைக்கே அளந்தேன், 5.4 மீட்டர்தான் இருக்கிறது. நூல் கொளுத்திப் பார்த்தேன், பட்டுதான், என் சேலையேதான். விளம்பரத்தில் போட்ட படம் இதே சேலையை எடுத்தது, அதில் முந்தானை நூல் குஞ்சம் இல்லாமல் அப்படியே தொங்குகிறது, அதையும் பக்கத்தில் வைத்து அனுப்பிவிட்டேன். "பரிசீலனையில்" என்று மாறியிருக்கிறது. ஒரு சந்தேகம் அம்மா, டேக் கட்டுகிற நூல் எதில் இருக்க வேண்டும்? நைலான் நூல் பட்டு இழையை இழுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

லாங்பஜார்_அம்மா:
நைலான் வேண்டாம். பூக்கட்டும் நூல் இரண்டு இழை போதும், கரையில் மட்டும் கோத்து முடி, உடலில் ஊசி படக் கூடாது. முடிச்சுக்கு மேல் உன் கடைப் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, மூடும் முன் ஒரு போட்டோ எடுத்து வை.