எர்டிகாவில் சாமான் தடுப்புக் கம்பி: பட்டறையில் செய்து மாட்டலாமா?

தென்காசிக்காரன்:

வணக்கம். வண்டி 2019 எர்டிகா, பெட்ரோல். இருப்பது சென்னை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது மூன்றாவது வரிசையை மடக்கிப் போட்டுக் கூரை வரை ஏற்றி அனுப்புவார்கள். 25 கிலோ அரிசி சிப்பம் இரண்டு, 15 கிலோ நல்லெண்ணெய் டின், ஒரு சாக்கு உரித்த தேங்காய், அதன் மேல் பாத்திரப் பை, வடகம், இன்னும் என்னென்னவோ. வேண்டாம் என்றால் பெரியம்மா கோபித்துக்கொள்வார்கள், அது தனிக்கதை.

போன முறை உளுந்தூர்பேட்டை தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. அழுத்திப் பிரேக் பிடித்தேன், எதிலும் மோதவில்லை. ஆனால் இரண்டு தேங்காய் சீட்டைத் தாண்டி வந்து, ஒன்று அம்மாவின் தோளில் பட்டது. இன்னொன்று மகளின் சைல்டு சீட் ஓரத்தில் இடித்து நின்றது. வீட்டுக்கு வந்ததும் மனைவி, “பின்னால் ஒரு தடுப்புப் போடாமல் நான் இனி ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

கடைகளில் தேடினால் ஹெட்ரெஸ்ட் கம்பியில் மாட்டுகிற நாய் வலைதான் கிடைக்கிறது. தெரு முனையில் இருக்கும் வெல்டிங் கடைக்காரர், “முக்கால் அங்குல சதுர பைப்பில் சட்டம், நடுவில் வெல்ட் மெஷ், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ, கீழே தரையில் நாலு ஸ்க்ரூ, 3,500 ரூபாய். உறுதியாக வேண்டுமென்றால் தரையோடு பற்றவைத்துத் தருகிறேன்” என்கிறார். செய்யலாமா? பைப் எந்த கேஜ்? ஆறு பேர் போகும் நாளில் கழற்றி வைக்கவும் வேண்டும்.

கணபதி பட்டறை, கோவை:

தம்பி, பைப் கேஜை அப்புறம் பார்ப்போம். முதலில், பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ என்று சொன்னவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீங்க. உள்பக்கம் தெரிகிற பிளாஸ்டிக் வெறும் மூடிதான், கிளிப்பில் நிற்பது. கையால் இழுத்தாலே கழன்று வரும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. 50 கிமீ வேகத்தில் போகிற கார் சுவரில் மோதினால், முன்பக்கம் நசுங்கி ஏறக்குறைய 60 செமீ தூரத்துக்குள் நின்றுவிடும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கிற எல்லாப் பொருளும் தன் எடையைப் போல சராசரியாக 16 மடங்கு பலத்தோடு முன்னால் தள்ளும். உங்க இரண்டு சிப்பம் அரிசி மட்டும் 800 கிலோ. எண்ணெய் டின் 240 கிலோ. இது சராசரிதான், உச்சத்தில் இன்னும் கூடும். சாமானுக்கும் தடுப்புக்கும் நடுவே இடைவெளி இருந்து, பாய்ந்து வந்து இடித்தால் அதற்கும் மேல். நீங்க மாட்டுக்காகப் பிரேக் பிடித்தது ஒரு மடங்குகூட இருந்திருக்காது. அதற்கே தேங்காய் பறந்திருக்கிறது.

இந்தப் பலத்தில் கம்பி வளைவது பெரிய விஷயமில்லை. 8.8 கிரேடு எம்8 போல்ட் ஒன்று அறுவதற்கு ஏறக்குறைய 3 டன் இழுக்கணும். அது மாட்டியிருக்கிற தரைத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம், அதுதான் கிழியும். சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தால் நூலுக்கு முன்னால் துணி கிழிகிற கதைதான். அதனால் போல்ட் தரையை ஊடுருவிப் போகணும், அடிப்பக்கம் குறைந்தது 50க்கு 50 மிமீ, 3 மிமீ கனமுள்ள தகடு ஒன்று வைத்து நட்டு போடணும். செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ கூரைத் தகரத்துக்குச் செய்தது, மனுஷன் தலைக்குப் பின்னால் அதற்கு வேலையில்லை.

துளை போடுவதற்கு முன் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் படுத்துப் பாருங்க. பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், வயர் கட்டு எல்லாம் அங்கேதான் ஓடுது. மேலிருந்து குத்துமதிப்பாக டிரில் வைப்பது வேண்டவே வேண்டாம். துளையின் ஓரத்துக்குப் பிரைமர் அடித்து சீலன்ட் போட்டுவிடுங்க, இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும். வண்டியோடு பற்றவைக்கிற பேச்சே வேண்டாம். அடியில் டேங்க், பக்கத்தில் சீட் நுரை, தரைக்கம்பளம். சட்டத்தை முழுசாக வெளியே வைத்துப் பற்றவைத்து, பெயின்ட் காய்ந்த பிறகு உள்ளே கொண்டுபோங்க.

சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எதையும் சேர்த்து மாட்டாதீங்க. “கம்பெனியே கொடுத்த கெட்டியான இடம்தானே” என்று நிறைய பேர் அதில் ஒரு பட்டியைச் செருகி முறுக்குகிறார்கள். அந்த இடம் ஆளைப் பிடிக்கத்தான். சைல்டு சீட்டின் மேல்வார் மாட்டுகிற கொக்கி, சிஎன்ஜி வண்டியாக இருந்தால் சிலிண்டர் ஸ்டாண்டு, இவையும் அப்படித்தான். சட்டம் வந்த பிறகு அந்த மேல்வார் நேராகப் போகிறதா, கம்பியில் உரசுகிறதா என்று பாருங்க.

இதையெல்லாம் பண்ணினாலும் அந்த 800 கிலோவை என் கம்பி தாங்கும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். நானே செய்து கொடுத்தாலும்தான். நான் சொல்வது, தடுப்புக்கு எடைச் சாமானை விடாதீங்க. அரிசியும் எண்ணெயும் தரையோடு, இரண்டாவது வரிசை முதுகை ஒட்டி, இடைவெளி இல்லாமல். அதற்கு மேல் 25 மிமீ ராட்செட் பெல்ட் (லாரியில் சாமான் கட்டுகிற, நெம்பி இறுக்கும் பட்டை வார்) இரண்டு குறுக்காகப் போட்டு இறுக்கணும். பைக்கில் கட்டுகிற எலாஸ்டிக் கயிறு நீளும், அதில் அரிசி நிற்காது. சீட் முதுகுக்கு மேலே எழும்பிப் பறக்கிற தேங்காய், பாத்திரம், பெட்டி, இவற்றைப் பிடிப்பதுதான் வீட்டுத் தடுப்பின் வேலை.

தஞ்சாவூர் டிரைவர்:

நம்ம ஆட்கள் கம்பியைப் பற்றியே பேசுவார்கள், நான் ஆர்.சி. புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2017 டிசம்பரில் முன்பக்க பம்பர் கம்பிகளைப் பிடிக்கச் சொன்னதும் இந்தப் பிரிவை வைத்துத்தான். 2019இல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அதனால் மூன்றாவது வரிசையை நிரந்தரமாகக் கழற்றி வீட்டு மாடியில் போட்டுவிட்டு அந்த போல்ட் துளையில் கம்பி மாட்டுகிற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆர்.சி.யில் ஏழு இருக்கை என்று இருக்கும். தரையில் துளை போடுவதும் மாற்றம்தானா என்பதை எதற்கும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் துளையே போடாமல் கட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

பெர்த் வாசி:

ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஸ்டேஷன் வேகன், எஸ்யுவி எல்லாவற்றிலும் இந்தத் தடுப்பு சாதாரணமாகப் பார்க்கிற பொருள். இதற்கென்றே ஏஎஸ்/என்ஜெட்எஸ் 4034 என்று தர விதி இருக்கிறது. அதன்படி செய்தவை ஒவ்வொரு மாடலுக்கும் தனி பிராக்கெட்டோடு வரும். தென்காசிக்காரர் சொன்ன ஹெட்ரெஸ்ட் வலையை இங்கேயும் விற்கிறார்கள், ஆனால் அதை நாய்த் தடுப்பு என்றுதான் சொல்வார்கள். நாய் முன் சீட்டுக்குத் தாவாமல் இருக்கத்தான் அது. மோதலுக்கு அதை நம்ப முடியாது.

பட்டறைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஐநா வாகன விதி 17இல் பின் சீட் முதுகைச் சோதிக்க, தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளைப் பின்னால் வைத்து 50 கிமீ வேக மோதலுக்குச் சமமான அதிர்ச்சி கொடுப்பார்கள். மொத்தமே 36 கிலோ! உங்கள் அரிசி மட்டும் 50. சீட் முதுகை ஒட்டி வைப்பது சரிதான், ஆனால் முழுப் பாரத்தையும் அதன் தலையில் போட வேண்டாம், ராட்செட் பெல்ட் கட்டாயம். ஒரு சிப்பத்தைக் காலியான முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளத்தில் இறக்கினால் இன்னும் நல்லது.

இரண்டாவது வரிசையில் ஆள் இல்லாமல் சாமான் மட்டும் போகும்போதும் அந்த வரிசை பெல்ட்களை மாட்டிவிடுங்கள். சீட் முதுகுக்குக் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு.

தென்காசிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வெல்டிங் கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கவில்லை, நல்லவேளை. பட்டறை அண்ணே, தடுப்பு மேலே எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? கீழே இரண்டு கால் மட்டும் போல்ட் போட்டால் மேல்பக்கம் முன்னால் சாயாதா? கூரையோரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் மாட்டலாமா?

கணபதி பட்டறை, கோவை:

சாயும், சரியாகத்தான் கேட்டிருக்கீங்க. கைப்பிடித் துளை ஆள் தொங்கி ஏறுகிற பலத்துக்குக் கொடுத்தது, அங்கே வேண்டாம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கிற வண்டியில் கூரையோரத்தில் கையே வைக்கக் கூடாது, ஏர்பேக் அந்த விளிம்பில்தான் மடித்து வைத்திருக்கும். உங்களுடையதில் முன்னால் இரண்டுதான், ஆனாலும் அந்தப் பழக்கம் வேண்டாம்.

நான் செய்வதாக இருந்தால் சட்டத்தின் மேல்மூலை இரண்டிலிருந்தும் 50 மிமீ பட்டை வார் ஒன்று ஒன்று பின்பக்கம் இறக்கி, சக்கர வளைவுக்குப் பின்னால் தரையில் கொண்டுபோய் மாட்டுவேன். அந்த இரண்டு இடத்துக்கும் அடியில் அதே 3 மிமீ தகடு. சட்டம் முன்னால் சாயப் பார்த்தால் வார் பின்னால் இழுக்கும். வாரைத் தளர்த்தி, கீழே இரண்டு இறக்கை நட்டைச் சுழற்றினால் சட்டம் கையோடு வந்துவிடும், உங்க ஆறு பேர் கணக்கும் சரியாகும்.

பைப் 25 மிமீ சதுரம், 16 கேஜ். முக்கால் அங்குலம் போதாது. மூலைகளில் முக்கோணத் தகடு. கட்டம் 2 அங்குலம், 4 மிமீ கம்பி. மெஷ் கம்பிகளின் நுனி சட்டத்துக்கு உள்ளேயே முடியணும், பைப் வாய்களை அடைத்துக் கிரைண்டரால் மழித்துவிடணும். ஜிஐ பைப் வாங்காதீங்க, பற்றவைக்கும்போது துத்தநாகப் புகை வரும். கருப்பு பைப்பே போதும், ரெட் ஆக்சைடு மேல் மேட் கருப்பு. பளபள பெயின்ட் அடித்தால் பின்கண்ணாடியில் பார்க்கும்போது வெயிலில் மின்னும்.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு லாரி வந்து இடித்தால் என்ன ஆகும் என்றும் யோசிங்க. அப்போது தலைகள் பின்னால் வரும், கம்பியை நோக்கி. சட்டத்துக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் நடுவே ஒரு சாணாவது இருக்கணும், சீட்டை முழுக்கச் சாய்த்தும் அளந்து பாருங்க. மேல் குறுக்குப் பைப்புக்கு ஏசி குழாயில் சுற்றுகிற கருப்பு நுரையைப் போட்டுக் கட்டிவிடுங்க.

தஞ்சாவூர்க்காரர் சொன்னபடி ஆர்.டி.ஓ. பக்கம் கேட்ட பிறகே டிரில்லைக் கையில் எடுங்க. துளை வேண்டாம் என்றால், ராட்செட் பெல்ட் கட்டுவதற்கு முன்னால், மடக்கிய மூன்றாவது வரிசையின் இரும்புச் சட்டம் எங்கே வெளியே தெரிகிறது என்று பாருங்க. துளையில்லாமல் வார் கோக்க அதுதான் முதல் இடம், பிளாஸ்டிக் கைப்பிடியிலும் கம்பளக் கொக்கியிலும் கோக்காதீங்க. தேங்காயைச் சாக்கோடு வாய் தைத்து ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் கிரேட்டுக்குள் போட்டு அதையும் சேர்த்துக் கட்டினால் பாதி வேலை முடிந்தது.

மாட்டினால் முதல் ஊர்ப் பயணம் முடிந்ததும் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்க, பெயின்ட் அமுங்கித் தளர்ந்திருக்கும். படம் போடும்போது வண்டிக்கு அடிப்பக்கத் தகட்டையும் எடுத்துப் போடுங்க, மேல்பக்க அழகை அப்புறம் பார்த்துக்கலாம்.