நட்சத்திர ஆமைக் குஞ்சுக்குத் தற்காலிக இடம்: அவசர உதவி

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு, கொக்கட்டிச்சோலையில் வளவைத் துப்புரவாக்கும்போது நெருப்புப்பெட்டியை விடச் சிறிய நட்சத்திர ஆமைக் குஞ்சு ஒன்று அகப்பட்டது. ஓட்டின் ஓரத்தில் கீறல் இருக்கிறது. சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர், வளர்க்கும் எண்ணமில்லை. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டோம். அவர்கள் வரும்வரை வீட்டுக்குள் பத்திரமாக இருக்க வேண்டும்.

அகன்ற பேசினில் ஈரத் தும்புத்தூள் பரப்பி, ஒளிந்துகொள்ள உடைந்த சட்டியொன்றைக் கவிழ்த்திருக்கிறேன். அறுகம்புல்லைத் தொடவில்லை, செவ்வரத்தை இலையை ஓரமாகக் கொறித்தது. (தண்ணீர்த் தொட்டியில் விடச் சொல்லாதீர்கள். இது தரை ஆமை, மூழ்கிவிடும்.)

ஆமைக்குத் தேவையான புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதால் காலை வெயிலில் முற்றத்தில் வைக்கலாமா? காகத்துக்குப் பயமாக இருக்கிறது. தூள் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும்? கீறலுக்கு மஞ்சள் பூசச் சொல்கிறார் மாமி. எனக்கு மனம் ஒப்பவில்லை. மட்டக்களப்பில் ஆமை பார்க்கும் மிருக வைத்தியர் இருந்தால் உடனே சொல்லுங்கள்.