கொள்ளைநோய்க்குப் பின் இங்கிலாந்து உழவர்கள் கிளர்ந்தெழுந்தது ஏன்?

கேள்வி:
1348இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பற்றாக்குறையால் கூலி உயர்ந்திருக்க வேண்டுமே. பிறகு ஏன் 1381இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்?

மறுமொழி 1:
உயரவே செய்தது. அதைத் தடுக்கத்தான், நிலவுடைமையாளர்களின் செல்வாக்கு மிகுந்த நாடாளுமன்றம் 1351இல் தொழிலாளர் சட்டத்தை இயற்றி, நோய்க்கு முந்தைய கூலியையே பெற வேண்டுமென்று கட்டளையிட்டதோடு, மீறுவோரை மாட்டிவைக்க ஊர்தோறும் தொழுமரம் அமைக்கவும் ஆணையிட்டது. உலர்புல் வேலைக்கு நாளொன்றுக்கு 1 பென்னிதான். உழைப்பவர் பேரம் பேசுவதையே குற்றமாக்கிய கொடுமை இது.

மறுமொழி 2:
நண்பர் கூறியதுடன் தலைவரியையும் சேர்க்க வேண்டும். பிரான்சுடனான போருக்காக, 15 வயதைக் கடந்தோரிடம் தலைக்கு 12 பென்னி என்ற கணக்கில் விதிக்கப்பட்ட வரியே உடனடிக் காரணம். கிளர்ச்சியாளர்கள் பண்ணை நீதிமன்றச் (நிலவுடைமையாளர் தம் பண்ணையில் நடத்திய நீதிமன்றம்) சுவடிகளைத் தேடித்தேடி எரித்தார்கள் என்பது என்னை மிகவும் கவர்கிறது. அவர்களுடைய அடிமைநிலைக்கு எழுத்துச் சான்று அவற்றில்தான் இருந்தது.

மறுமொழி 3:
கிளர்ச்சியின்போது இரண்டாம் ரிச்சர்டு மன்னர் உழவர்களுக்கு வழங்கிய, அடிமைநிலையிலிருந்து விடுவிக்கும் பத்திரங்கள் சில வாரங்களிலேயே ரத்துசெய்யப்பட்டன. ஆயினும், அடுத்த நூற்றாண்டில் பண்ணையடிமை முறை அங்கு படிப்படியாகத் தேய்ந்தது.