தொடக்கநிலை 1 பிள்ளைக்கு இடைவேளையில் காசா, தட்டும் கடிகாரமா?

ஈசூன்_அப்பா:
சிங்கப்பூர்ப் பள்ளிகளில் புதுத் தவணையின் முதல் வாரம். பெற்றோர் ஆதரவுக் குழுக்களில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: தொடக்கநிலை 1 பிள்ளையின் கையில் காசு கொடுப்பதா, தட்டிப் பணம் கட்டும் பிஓஎஸ்பி வங்கியின் 'ஸ்மார்ட் படி' (Smart Buddy) கைக்கடிகாரம் கட்டிவிடுவதா? கடிகாரம் 2017இலேயே வந்துவிட்டது, பழகிய பொருள்தான். ஆனாலும் முதல் இரண்டு தவணைக்காவது காசுதான் சரி என்பேன்.

தட்டினால் சத்தம் வருகிறது, சாப்பாடு வருகிறது. எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்பது பிள்ளையின் கண்ணில் படுவதில்லை. ஊதா நிற 2 வெள்ளி (டாலர்) தாளை நீட்டி, இரண்டு 20 காசைத் திரும்ப வாங்கினால், வாங்கிய சாப்பாடு 1 வெள்ளி 60 காசு என்று கையே சொல்லிவிடும்.

நாணயத்தைப் பழக்குவதும் கடினமில்லை. 2013இல் வந்த வரிசையில் ஒவ்வொன்றிலும் ஒரு படம்: 1 வெள்ளியில் மெர்லயன், 50 காசில் துறைமுகம், 20 காசில் சாங்கி விமான நிலையம், 10 காசில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள், 5 காசில் எஸ்பிளனேட் கலையரங்கம். எண்ணை வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகூட "கப்பல் காசு, விமான காசு" என்று பிரித்துவிடும்.

கணக்கு_டீச்சர்:
ஈசூன் அப்பா, படத்தை அடையாளம் காண்பது வேறு, மீதியைச் சரிபார்ப்பது வேறு. தொடக்கநிலை 1 கணிதப் பாடத்திட்டத்தில் பணம் இரண்டு தனித்தனித் துண்டாக வருகிறது. காசு என்றால் 1 வெள்ளி வரை எண்ணுவார்கள், வெள்ளி என்றால் 100 வரை எண்ணுவார்கள். வெள்ளியையும் காசையும் சேர்த்து எண்ணுவதும், 1.60 என்று புள்ளி வைத்து எழுதுவதும் தொடக்கநிலை 2இல்தான். ஆக, வகுப்பில் ஒரு வருடம் கழித்து வரும் கணக்கை, பசியோடு வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் ஜனவரியிலேயே கேட்கிறீர்கள்.

பழைய நாணயங்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன, செல்லவும் செய்யும். பழைய 50 காசும் இப்போதைய 1 வெள்ளியும் ஏறக்குறைய ஒரே அகலம், 24.6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பழைய 1 வெள்ளியோ முழுத் தங்க நிறம், இரண்டையும்விடச் சிறியது. பெரிய காசுக்குப் பெரிய மதிப்பு என்று பழகிய பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். தங்க நிற வளையமும் நடுவில் வெள்ளி நிறமும் இருந்தால்தான் புது 1 வெள்ளி என்று சொல்லித் தரவேண்டும். அளவை வைத்துச் சொல்லித் தந்தால் தப்பாகத்தான் போகும்.

கேண்டீன்_பக்கம்:
கடை நடக்கும் விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். இடைவேளை 30 நிமிடம். வகுப்பிலிருந்து வரிசையாக இறங்கி வரவும், கை கழுவவும், மணி அடிக்குமுன் தட்டைத் திருப்பி வைக்கவும் நேரம் போனால் வாங்கிச் சாப்பிட மிஞ்சுவது 20 நிமிடம் என்று வையுங்கள். வரிசையில் 15 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் பையைத் திறந்து காசு தேடக் கூடுதலாக 20 வினாடி எடுத்தால், கடைசிப் பிள்ளைக்கு 5 நிமிடம் போய்விட்டது. மீ கோரிங் சூடாக வேறு இருக்கும். அந்தப் பிள்ளை பாதித் தட்டோடு எழுந்து ஓடும்.

நேரம் எங்கே வீணாகிறது என்றால், காசு எண்ணுவதில் இல்லை. பணப்பையின் ஜிப்பைத் திறப்பதில்தான். ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஜிப் இழுக்க ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு வராது. தட்டைக் கீழே வைத்தால் பின்னால் நிற்பவர் இடிப்பார். கழுத்தில் தொங்கும் பை என்றால், இழுத்தால் தானே கழன்றுவிடும் கொக்கி உள்ள கயிறாக இருக்கட்டும். விளையாட்டுத் திடலில் மாட்டிக்கொண்டால் ஆபத்து.

இடைவேளைக்கு முன் உடற்கல்வி இருக்கும் நாள்தான் காசு அதிகம் தொலையும் நாள். ஜிப் இல்லாத அரைக்கால் சட்டைப் பையில் நாணயம் தங்காது.

தெம்பனிஸ்_மலர்:
அதனால்தான் கடிகாரம் என்கிறோம். கையிலேயே இருக்கும், விழாது. தினமும் இவ்வளவுதான் என்று பெற்றோர் செயலியில் வரம்பு வைக்கலாம். என்ன செலவானது என்று அன்றே பார்க்கலாம். ஒன்றுமே செலவாகவில்லை என்றால் பிள்ளை சாப்பிடவில்லை, அல்லது வரிசைக்குப் பயந்து நின்றுவிட்டது என்று மாலையில் அன்பாகக் கேட்கலாம். காசு கொடுத்தனுப்பினால் இது எப்படித் தெரியும்?

கடிகாரம் வேண்டாம் என்றால் பள்ளி ஸ்மார்ட் அட்டையையே அந்தச் சேவையில் இணைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றை யாரும் பேசவில்லை. கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தில் உள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வாரம் 7 வேளை உணவு உண்டு: 5 நாள் இடைவேளை போக, இன்னும் 2 வேளைக்கு இடம். பல பள்ளிகளில் அந்தப் பிள்ளை அட்டையைத் தட்டித்தான் வாங்குகிறது. மற்ற எல்லாரும் காசு நீட்டும் வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் தட்டினால், அது ஏன் என்று பக்கத்துப் பிள்ளை கேட்கும். எல்லாரும் தட்டினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எனக்கு மற்ற எல்லாக் காரணத்தையும்விட இதுதான் பெரிது.

ஈசூன்_அப்பா:
மலர், கடைசியாகச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் நீங்கள் சொல்லும் வரம்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. 3 வெள்ளி என்று வரம்பு வைக்கிறீர்கள். பிள்ளை முதலில் பள்ளிப் புத்தகக் கடையில் 1 வெள்ளி 50 காசுக்கு அழிப்பான் வாங்கிவிட்டு, பிறகு 1 வெள்ளி 80 காசு நூடுல்ஸ் கடைக்குப் போகிறது. மொத்தம் 3 வெள்ளி 30 காசு. தட்டினால் ஏற்காது. ஏன் ஏற்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரியாது. கடைக்கார ஆன்ட்டி நூடுல்ஸை ஏற்கெனவே கிண்ணத்தில் போட்டுவிட்டார். கையில் காசு இருந்திருந்தால் அழிப்பான் வாங்கும்போதே, மிச்சம் போதாது என்று தெரிந்திருக்கும்.

தினசரிச் செலவைப் பார்ப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. "ஏன் இன்றைக்கும் மைலோ?" என்று தினமும் கேட்டால், பிள்ளை வாங்கப் பழகாது, நமக்குப் பதில் சொல்லத்தான் பழகும்.

கேண்டீன்_பக்கம்:
இரண்டு பேரும் சொல்வது நடக்கிறதுதான். எந்த முறை எடுத்தாலும் முதல் தவணையில் இதைச் செய்தால் வரிசை நகரும்.

காசு கொடுப்பவர்கள்: சரியான தொகை, ஒரு வேளைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம். கடையின் விலை 1 வெள்ளி 80 காசு என்றால் ஒரு 1 வெள்ளி, ஒரு 50 காசு, ஒரு 20 காசு, ஒரு 10 காசு. நான்கே நாணயம். 10 காசாகப் பதினெட்டு போட்டு அனுப்பாதீர்கள். சிவப்பு 10 வெள்ளித் தாள் வேண்டவே வேண்டாம்; காலையில் கடையில் சில்லறை குறைவு, மீதி எண்ணித் தருவதற்குள் வரிசை நின்றுவிடும், தொலைந்தால் இழப்பும் பெரிது. வகுப்பிலிருந்து இறங்கும்போதே பொட்டலம் கையில் இருக்கவேண்டும், பைக்குள் அல்ல.

கடிகாரம் கட்டுபவர்கள்: தட்டும் கருவி எல்லாக் கடையிலும் இருக்கிறதா என்று முதலில் பள்ளியில் கேளுங்கள். பணத்தை ஞாயிற்றுக்கிழமை இரவே ஏற்றிவிடுங்கள். வாரை மெலிந்த மணிக்கட்டில் சுழலாமல் இறுக்கமாகப் பூட்டுங்கள். கை கழுவும்போது கழற்றித் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு வருவதுதான் அடிக்கடி நடப்பது, ஆகவே கழற்றாமல் கழுவப் பழக்குங்கள். கருவி வேலை செய்யாத நாளுக்கு ஒரு 2 வெள்ளித் தாளை மடித்துப் பென்சில் பெட்டியின் அடியில் வையுங்கள். அது எதற்கு என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பிள்ளை அதை வைத்துக்கொண்டே பசியோடு உட்கார்ந்திருக்கும்.

முதல் நாள்களில் தொடக்கநிலை 4, 5 அண்ணன் அக்காமார் கூடவே வரிசையில் நிற்கும் ஏற்பாடு பல பள்ளிகளில் உண்டு. அவர்கள் இருக்கும்போதே பிள்ளை தன் வாயால் கேட்டு வாங்கட்டும். நமது பிள்ளைகளில் பலருக்குத் தடையே அங்கேதான். என்ன வேண்டும், காரம் வேண்டுமா, எத்தனை என்று மூன்றே சொல்லில் சொல்லத் தெரிந்தால் போதும். சைவப் பிள்ளை என்றால் இன்னும் ஒன்று: மீ சியாமில் பெரும்பாலும் காய்ந்த இறால் இருக்கும், நாசி லெமாக் சம்பலில் நெத்திலியோ பிளாச்சானோ (இறால் விழுது) இருக்கும். பார்த்தால் தெரியாது. எந்தக் கடையில் எதை வாங்கலாம் என்று தவணை தொடங்குமுன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பாத்தோக்_தாத்தா:
நாங்கள் படித்தபோது காசைத் தவிர வேறு வழியில்லை, அதை விடுங்கள். மத்திய சமையற்கூடத்திலிருந்து சாப்பாடு வரும் பள்ளிகளுக்கு இந்த விவாதமே பொருந்துமா?

தெம்பனிஸ்_மலர்:
தாத்தா, 2026 ஜனவரியிலிருந்து 13 பள்ளிகள் அந்த முறைக்கு மாறியிருக்கின்றன. அங்கே வீட்டிலிருந்தே முன்கூட்டிப் பதிந்து பணமும் கட்டிவிடலாம். அந்தப் பள்ளிகளில் வேலை பெற்றோருடையதுதான்: பதிவு முடியும் நேரத்தைத் தவறவிடக்கூடாது. ஞாயிறு மாலை ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு_டீச்சர்:
ஈசூன் அப்பா, அழிப்பான் கணக்கு நல்ல உதாரணம். ஆனால் அது காசுக்கு வாதமில்லை, புத்தகக் கடைக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும் என்பதற்கு வாதம். கடிகாரம் சாப்பாட்டுக்கு மட்டும், எழுதுபொருள் வீட்டிலிருந்து என்று வைத்தால் அந்தச் சிக்கல் வராது.

மீதி வாங்கிப் பழகவேண்டும் என்றால் அதற்குப் பள்ளி வரிசை வேண்டாம். சனிக்கிழமை தேக்கா சந்தையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பிள்ளை கையால் வாங்கட்டும். அங்கே பின்னால் மணி அடிக்காது. ஆறு மாதம் அப்படிப் பழகினால் தொடக்கநிலை 2 பாடம் தானாகப் புரியும்.

ஈசூன்_அப்பா:
தேக்கா யோசனையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும், காசோடு அனுப்புவதை விடமாட்டேன். மார்ச் விடுமுறைக்கு முன் பத்து வெள்ளிக்கிழமை கிடைக்கும். முதல் மூன்று வாரம் சரியான சில்லறை, நான்காம் வாரத்திலிருந்து 2 வெள்ளித் தாள். விலையை முந்தின இரவே பிள்ளையிடம் சொல்லி, எவ்வளவு மீதி வரவேண்டும் என்று நாணயத்தை மேசையில் வைத்துக் காட்டிவிட வேண்டும்.

கேண்டீன்_பக்கம்:
வெள்ளிக்கிழமை உடற்கல்வி இருக்கிறதா என்று கால அட்டவணையைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.