நைலான் ஷட்டிலா, இறகு ஷட்டிலா? குமரி மாவட்டத்தில் ஆடுபவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தக்கலைப் பக்கம் ஒரு உள்ளரங்கில் சாயங்காலம் பேட்மிண்டன் ஆடுகிறோம். எல்லாரும் வேலை முடிந்து வருகிறவர்கள். ஸ்மாஷ் பேட்டின் நரம்பில் படுவதைவிட ஃபிரேமில் படுவதுதான் அதிகம். இதுவரை நைலான்தான், யோனெக்ஸ் மேவிஸ் 350. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், இறகு ஷட்டிலில் ஆடினால்தான் கை திருந்தும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

சரி என்று ஆடியும் பார்த்தோம். டிராப் வைக்கும்போது (வலையை ஒட்டி மெல்லத் தட்டிவிடுவது) வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. நினைத்த இடத்தில் விழுகிறது. ஆனால் ஒரு அடி பிசகினால் போதும், 16 இறகில் ஒன்று ஒடிந்து ஷட்டில் தள்ளாடிக்கொண்டே போகிறது. பங்கு போட்டு வாங்கியும் கட்டுப்படியாகவில்லை.

அப்புறம் வேகம். நைலானில் தக்கையைச் சுற்றியுள்ள பட்டை பச்சையானால் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. பின்கோட்டில் நின்று கீழிருந்து முழு வீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்னால் விழ வேண்டும் என்பது விதி. எங்கள் நீலம் வெயில் நாளில் கோட்டையே தாண்டிவிடுகிறது. சூடான காற்றில் ஷட்டில் வேகமாகத்தான் போகும். அப்படியென்றால் பச்சைக்கு மாறலாமா? இறகில் வேக எண் 76 எடுப்பதா, அதைவிட வேகமான 77ஆ?

இறகு காய்ந்து ஒடியாமலிருக்க ஷட்டிலுக்கு நீராவி காட்டுவது கடற்காற்று வீசும் நம்மூரிலும் தேவையா? (ஆரல்வாய்மொழி நண்பர்கள் வெளியில் ஆடும் கதையைச் சொல்ல வேண்டாம், அந்தக் காற்றுக்கு எந்த ஷட்டிலும் நிற்காது.)

நாகர்கோவில், மார்த்தாண்டத்தில் பச்சைப் பட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.