க்ளட்ச் அஞ்சு தடவை ஏர் எடுத்தாச்சு, ரிவர்ஸ் இன்னும் கரகரங்குது (பெட்ரோல் லைன்லயும் ஒரு டவுட்)

ரெண்டுசீட்டர் (லெஸ்டர்):

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் ஒருத்தர் பாதியில கைவிட்ட கிட் கார் (பாகங்களா வாங்கி நாமே சேர்க்கற வண்டி) ஒண்ணு வாங்கினேன், லோட்டஸ் செவன் மாதிரி ரெண்டு சீட்டு, மாஸ்டா எம்எக்ஸ்-5 மார்க் 1 வண்டியோட 1.8 எஞ்சினும் கியர்பாக்ஸும், கூடவே மூணு அட்டைப்பெட்டி நிறைய என்ன ஏதுன்னே தெரியாத சாமான். எஞ்சின் ஸ்டார்ட் ஆயிடுச்சு, அன்னைக்கு வீட்ல பாயசமே வச்சாங்க. அதுக்கப்புறம்தான் ரோதனை.

முதல்ல க்ளட்ச். ஃபர்ஸ்ட் கியர் போட்டா பெடல் ஃபுல்லா மிதிச்சிருந்தும் வண்டி முன்னாடி இழுக்குது, ரிவர்ஸ் கரகரன்னு கத்திட்டுதான் விழுது. அஞ்சு தடவை ஏர் எடுத்துட்டேன் (க்ளட்ச் லைன்ல மாட்டின காத்தை வெளியேத்தறது), ஒரு லிட்டர் டாட் 4 எண்ணெய் காலி, பெடல் மிதிச்சு மிதிச்சு பொண்ணு இனிமே கராஜ் பக்கமே வரமாட்டேங்கறா. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கம் எண்ணெயைத் தள்ளுறது) 5/8 இஞ்ச். ஸ்லேவ் சிலிண்டர் (அந்த எண்ணெயால க்ளட்சை விடுவிக்கிறது) ஒரிஜினல் இல்ல, பழைய ஓனர் எதையோ மாத்தியிருக்கார், மேல 7/8னு வார்ப்புலயே இருக்கு. பெடல் மெதுமெதுன்னு இல்ல, நல்லா கெட்டியாதான் இருக்கு, அதான் புரியல.

ரெண்டாவது பெட்ரோல். டேங்க் பின்னாடி ஆக்ஸிலுக்கும் பின்னால இருக்கு. ஒயர் எட்டலன்னு ஹை ப்ரெஷர் பம்பை முன்னாடி எஞ்சின் பக்கத்துல ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) மாட்டிட்டேன். பம்பு ஓயாம கொய்ய்னு கத்துது, டேங்க் பாதிக்கு கீழ போனா எஞ்சின் விக்கி விக்கி நின்னுடுது. காலையில கராஜ் கதவைத் திறந்தா பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்குது ஆனா கீழ ஒரு சொட்டு ஈரம்கூட இல்ல. யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன்.

பழைய ஸ்பானர் (கவென்ட்ரி):

ப்ரோ முதல்ல ஏர் எடுக்கறதை நிறுத்துங்க. உள்ள காத்து இருந்தா பெடல் ஸ்பான்ஜ் மாதிரி அமுங்கும், ரெண்டு மூணு தடவை பம்ப் அடிச்சா மேல ஏறி வரும். உங்களுது கெட்டியா இருக்குன்னா எண்ணெய் ஒழுங்கா தள்ளுது, தள்ளுற அளவுதான் பத்தல. ஒரு ஸ்கேல் எடுத்து ரெண்டே அளவு சொல்லுங்க: பெடலை முழுசா மிதிக்கும்போது மாஸ்டர் புஷ்ராட் (பெடல் தள்ளுற கம்பி) எத்தனை மில்லிமீட்டர் உள்ள போகுது, ஸ்லேவ் ராட் எத்தனை வெளிய வருது. ஸ்லேவ்ல ஏர் எடுக்குற நிப்பிள் மேல் பக்கம் பார்த்து இருக்கான்னும் பாருங்க, நான் என் முதல் வண்டியில தலைகீழா மாட்டிட்டு ஒரு வாரம் மண்டைய உடைச்சுகிட்டேன்.

ரெண்டுசீட்டர்:

நிப்பிள் மேலதான் இருக்கு. பொண்ணுக்கு ஐஸ்க்ரீம் லஞ்சம் குடுத்து அளந்துட்டேன். புஷ்ராட் 18 மி.மீ, ஸ்லேவ் 9 மி.மீ.

பழைய ஸ்பானர்:

அவ்ளோதான், ஆளு மாட்டிகிச்சு. கணக்கு பாருங்க. சிலிண்டரோட பரப்பு விட்டத்தோட வர்க்கத்துல போகும். மாஸ்டர் எட்டுல அஞ்சு, ஸ்லேவ் எட்டுல ஏழு, அஞ்சஞ்சு 25, ஏழேழு 49, ஆக மாஸ்டர் 18 போனா ஸ்லேவ் 18 x 25 / 49, அதாவது 9.2. நீங்க அளந்தது 9. உங்க லைன்ல காத்தே இல்ல ப்ரோ, ரெண்டாவது தடவையிலேயே எல்லாம் வெளிய போயிருக்கும், மீதி மூணு தடவை சும்மா எண்ணெய்க்குப் பிடிச்ச கேடு. இந்த மாதிரி வெளியில மாட்டுற ஸ்லேவ்ல 12, 13 ஆவது வந்தாதான் க்ளட்ச் சுத்தமா விடும், நான் கை வச்ச வண்டிகள்ல அப்படித்தான்.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. 18 மி.மீ.ங்கறது ரொம்ப கம்மி, பெடல் எங்கயோ எதிலயோ முட்டுது, கீழ குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்புறம் மாஸ்டரை 0.7 இஞ்சுக்கு மாத்துங்க, அதே தூரத்துக்கு 25 சதவீதம் கூட எண்ணெய் தள்ளும்.

டீசல்மண்டை:

எதுக்கு 0.7, நேரா 3/4 போட்டா முடிஞ்சுது, நான் அப்படித்தான் பண்ணேன்.

பழைய ஸ்பானர்:

போடலாம், ஆனா பெடல் 5/8ஐ விட 44 சதவீதம் கனமாயிடும், ட்ராஃபிக்ல மாட்டினா முழங்கால் சொல்லும். அதைவிட முக்கியம், அவர் பெடல் முட்டறதையும் சரி பண்ணி புஷ்ராட் ஒரு 22 மி.மீ. போச்சுன்னா 3/4ல ஸ்லேவ் 16 மி.மீ. தள்ளும், க்ளட்ச் ப்ரெஷர் ப்ளேட்டோட டயாஃப்ரம் ஸ்பிரிங் விரல்களை அவ்ளோ அமுக்கத் தேவையில்ல, ஸ்லேவ் பிஸ்டன் சீலைத் தாண்டி வெளிய வந்தா எண்ணெய் மொத்தமும் பெல்ஹவுசிங் (க்ளட்சை மூடியிருக்கற உறை) மேல. எதைப் போட்டாலும் பெடலுக்கு ஒரு ஸ்டாப் போல்ட் அவசியம்.

இன்னொண்ணு மறந்துட்டேன். புது மாஸ்டர் மாட்டும்போது புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல ஒரு மி.மீ. சும்மா ஆடுற இடம் விடுங்க. இறுக்கி வச்சா பிஸ்டன் முழுசா பின்னாடி வராது, ரிசர்வாயருக்குத் திரும்புற சின்ன ஓட்டை அடைஞ்சே இருக்கும், எண்ணெய் சூடாகி விரியும்போது போக வழி இல்லாம க்ளட்சைத் தானே லேசா அமுக்கும், மேட்டுல ஏறும்போது ஸ்லிப் ஆகும், நீங்க க்ளட்ச் ப்ளேட் போச்சுன்னு எஞ்சினையே இறக்குவீங்க.

ஹரோ அண்ணை:

தம்பி க்ளட்ச் கதை அவர் வடிவாச் சொல்லிட்டார், நான் பெற்றோல் பக்கம் வாறன், அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.

பம்பை முன்னுக்கு வச்சதுதான் பிழை. உந்த இஞ்செக்‌ஷன் பம்புகள் நல்லாத் தள்ளும், உறிஞ்சச் சொன்னா செய்யாது. டாங்கியில இருந்து ரெண்டு மீற்றர் இழுக்கச் சொன்னா உள்ளுக்குள்ள பெற்றோல் ஆவியாகிக் குமிழி வரும், அந்தக் கொய்ய் சத்தம் அதுதான், கெதியில பம்பும் போயிடும். பின்னுக்கு, டாங்கியின்ர அடி மட்டத்துக்கும் கீழ வையுங்கோ, பெற்றோல் தானா இறங்கி வரோணும். பம்புக்கு முன்னால சல்லடை மாதிரி ஒரு ஃபில்டர், பம்புக்குப் பிறகு நைசான ஃபில்டர். ஒயர் கட்டையெண்டா ஒயரை நீட்டுங்கோ, பெற்றோலை நீட்டாதேங்கோ.

டாங்கிக்குள்ள தடுப்புத் தகடு இல்லாட்டி வளைவுகளில பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் நிண்டுபோம். அதுக்கு ஒரு ஸ்விர்ல் பொட் வைக்கலாம்: சின்ன லோ ப்ரெஷர் பம்பு அதை நிரப்பும், பெரிய பம்பு அதின்ர அடியில இருந்து எடுக்கும், எஞ்சினில இருந்து திரும்பி வாறதும் அதுக்குள்ளதான், மிச்சம் மேலால வழிஞ்சு டாங்கிக்கு. தடுப்பு இருந்தா உது தேவையில்லை, சும்மா காசு.

மணம் வருது, ஈரம் இல்லை எண்டால் ஹோஸில என்ன அச்சடிச்சிருக்கெண்டு வாசியுங்கோ. ஆர்6 எண்டால் அது கார்புரேட்டர் காலத்துச் சாமான், உங்கட லைனில ஓடுறது 3 பார் அளவு அமுக்கம். இங்க இங்கிலாந்தில 2021 செப்டம்பரில இருந்து சாதாரண பெற்றோலே ஈ10 (10 வீதம் வரை எத்தனோல் கலந்தது) தான், எத்தனோல் அந்த ரப்பருக்குள்ளால மெல்லமாக் கசிஞ்சு மணக்கும், பிறகு ஹோஸ் வெடிக்கும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 எண்டு இருக்கிறதை வாங்குங்கோ. துளை போட்ட ஜுபிலி கிளிப் ரப்பரை வெட்டும், ஓரம் மடிச்ச இஞ்செக்‌ஷன் கிளிப் போடுங்கோ. ரப்பர் ரெண்டு அந்தத்திலயும் கொஞ்சம்தான், நடுவில முழுக்க 8 மி.மீ. குப்ரோநிக்கல் பைப், அதின்ர நுனியில ஒரு வளையம் மாதிரிப் புடைப்பு எடுத்தால்தான் ஹோஸ் கழராது. சீட்டுகளுக்கு நடுவில இருக்கிற டன்னலுக்குள்ளால கொண்டுபோறது சரி, ஆனா ப்ராப் ஷாஃப்ட்டை (பின் சில்லுக்கு விசை கொண்டுபோற தண்டு) விட்டு விலத்திச் சுவரோட, 30 செ.மீ.க்கு ஒரு பி-கிளிப்.

விபத்தில பம்பை நிப்பாட்டுற இனர்ஷியா ஸ்விட்சும் ஒண்டு போடுங்கோ, பழைய ஃபோர்டுகளில இருக்கும். அதோட தயவுசெய்து வண்டியை மூடின கராஜுக்குள்ள உந்த மணத்தோட நிக்க விடாதேங்கோ, நெருப்பு எரியிற கேஸ் பொய்லர் (வீட்டுக்குச் சூடு குடுக்கிறது) உள்ளுக்க இருக்கோ இல்லையோ?

ரெண்டுசீட்டர்:

அண்ணை, பாய்லர் அங்கதான் இருக்கு. படிச்ச உடனே டேங்கை ஜெர்ரி கேன்ல இறக்கி தோட்டத்து ஷெட்டுக்குக் கொண்டு போயிட்டேன், கை கொஞ்சம் நடுங்குச்சு.

ரெண்டுசீட்டர் (மூணு வாரம் கழிச்சு):

அப்டேட். பெடலுக்குப் பின்னாடி பழைய ஓனர் வச்ச ஸ்டாப் போல்ட்டே முட்டிட்டு இருந்திருக்கு, அதுவும் கார்ப்பெட்டுக்கு அடியில. அதை இறக்கினதும் புஷ்ராட் 22 மி.மீ. போகுது. 0.7 மாஸ்டர் போட்டேன், ஸ்லேவ் 14 வருது, கணக்குலயும் 14.1. ரிவர்ஸ் சத்தமே இல்லாம விழுது, விழுந்துச்சா இல்லையான்னு லிவரை ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கு. ஒரு சொட்டு டாட் 4 சிந்தி ஸ்கட்டில் (முன் கண்ணாடிக்கு முன்னாடி இருக்கற பாடி பகுதி) பெயின்ட் உரிஞ்சுடுச்சு, அது என் தலையெழுத்து.

ஹோஸ் துடைச்சுப் பார்த்தா ஆர்6தான். எல்லாத்தையும் மாத்தி பம்பையும் பின்னாடி கீழ வச்சாச்சு, கத்தறது போச்சு, கால் டேங்க்லயும் நிக்காம ஓடுது. வாடையும் இல்ல. டேங்க்ல தடுப்பு இருக்கு, அதனால ஸ்விர்ல் பாட் வாங்கல.

ஐவிஏ டெஸ்ட்டுக்கு (இந்த மாதிரி வண்டி ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி பாஸ் பண்ண வேண்டிய அரசு டெஸ்ட்) இன்னும் அப்ளை பண்ணல. பெட்ரோல் மூடி கழண்டு தொலையாதபடி வண்டியோட சங்கிலி கட்டியிருக்கணுமாமே, யார்கிட்டயாவது அந்தச் சின்ன சங்கிலி எக்ஸ்ட்ரா இருக்கா?

டீசல்மண்டை:

என்கிட்ட ஒண்ணு கிடக்கு, அட்ரஸ் தனியா மெசேஜ் பண்ணுங்க.