புதுப்பிப்பு: குதிகால் வலியும் அரை மாரத்தானும்

காலையில் முதல் அடி வைத்தாலே குதிகாலில் ஆணி குத்துவது போல வலிக்கிறது, ஜனவரி அரை மாரத்தானை விட்டுவிடவா என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. பிசியோதெரபிஸ்ட் கட்டைவிரலால் ஒரே அழுத்து, கத்திவிட்டேன். பிளான்டர் ஃபேசியைட்டிஸாம், குதிகாலிலிருந்து விரல் பக்கம் போகும் நார்ப்பட்டையில் கோளாறு. வலிக்குக் காரணம் இதுதான் என்று பதில்களில் நீங்கள் பலர் சந்தேகப்பட்ட ஷூவை அப்புறம்தான் திருப்பிப் பார்த்தேன், 900 கிலோமீட்டர் ஓடி ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. இப்போது படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவதும், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தடியில் உருட்டுவதும்தான் வேலை (ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டார்). நேற்று பெசன்ட் நகர் கடற்கரையில் நடையும் ஓட்டமுமாக 3 கிலோமீட்டர், வலி லேசாகத்தான். அரை மாரத்தானின் 21.1 கிலோமீட்டர் வேண்டாம் என்று 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மாற்றிவிட்டேன். கட்டிய கட்டணத்தில் மீதிப் பணம் திரும்ப வராதாம், சரி போகட்டும்.